மெக்டவல் யாருக்குக் கடன்பட்டிருக்கிறது?

'அக்டோபர் ஸ்கை' என்று ஒரு படம், 1999-ல் வந்தது. கல்லூரி விடுதிகளில் பரீட்சைக்கு முந்தின வாரம் யாராவது ஒருவர் தவறாமல் போட்டுக் காட்டும் படங்களில் இதுவும் ஒன்று. பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: அமெரிக்காவில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். அப்பா சுரங்கத்தில் மேற்பார்வையாளர். மகன் 1957 அக்டோபரில் ரஷ்யாவின் ஸ்புட்னிக் வானத்தில் நகர்ந்து போவதைப் பார்க்கிறான். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ராக்கெட் செய்கிறான். முதல் முயற்சியில் அம்மாவின் தோட்டத்து வேலி பறக்கிறது. பிறகு ராக்கெட்டே பறக்கிறது. தேசிய அறிவியல் கண்காட்சியில் பரிசு, அப்புறம் கல்லூரி, கடைசியில் நாசாவில் இன்ஜினியர் வேலை.

நிஜக் கதைதான். அந்தப் பையன் ஹோமர் ஹிக்கம். அவர் 1998-ல் எழுதிய 'ராக்கெட் பாய்ஸ்' புத்தகத்தைத்தான் படமாக எடுத்தார்கள். அந்தத் தலைப்பின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் 'அக்டோபர் ஸ்கை' வரும். அதெல்லாம் சுவாரஸ்யம்தான்.

படம் முடிந்ததும் எல்லோரும் சொல்வது ஒன்றே ஒன்று. "சூப்பர்டா, தப்பிச்சுட்டான்!"

தப்பித்தான், சரி. எதிலிருந்து தப்பித்தான்? தப்பிக்காதவர்கள் என்ன ஆனார்கள்? அந்த ஊரை அப்படித் தப்பித்து ஓட வேண்டிய இடமாக ஆக்கியது யார்? இந்தக் கேள்விகளைப் படம் கேட்கவில்லை. படம் பார்த்துக் கைதட்டியவர்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைக்கும் பதில் கொஞ்சம் கசப்பாக இருக்கும்.

ஊர் எங்கே இருக்கிறது?

கோல்வுட் என்ற அந்த ஊர் இருப்பது மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில், மெக்டவல் கவுண்டியில். கவுண்டி என்றால் ஏறக்குறைய மாவட்டம் மாதிரி. 1858-ல் உருவானது. வர்ஜீனியாவின் ஆளுநராக இருந்த ஜேம்ஸ் மெக்டவலின் பெயரை வைத்தார்கள். தலைநகர் வெல்ச். டக் ஃபோர்க் ஆறும் எல்க்ஹார்ன் ஓடையும் சேரும் இடத்தில், மலைகளுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் சிறிய நகரம்.

மெக்டவலில் சமதளம் என்பதே அபூர்வம். அப்பலாச்சிய மலைகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்க, நடுவில் ஒடுங்கிய பள்ளத்தாக்குகள். ஓடை, ரயில் பாதை, சாலை, வீடுகள் எல்லாம் அந்த ஒரே இடுக்கில்தான். மழை கொஞ்சம் அதிகமாகப் பெய்தால் ஓடை வீட்டுக்குள் வந்துவிடும். 2001 ஜூலையில் வந்தது. ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 2002 மே மாதம் மறுபடி வந்தது. 2025 பிப்ரவரியில் வந்தபோது உயிர்களையும் கொண்டு போனது.

இனி மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். 1880-ல் 3,074 பேர். 1900-ல் 18,747. 1920-ல் 68,571. 1950-ல் 98,887. அப்புறம் சரிவு. 1960-ல் 71,359. 1990-ல் 35,233. 2020-ல் 19,111.

எழுபது வருஷத்தில் மலை மாதிரி ஏறி, அடுத்த எழுபது வருஷத்தில் அதே மாதிரி இறங்கியிருக்கிறது. ஏற்றியதும் நிலக்கரி, இறக்கியதும் நிலக்கரி என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள்.

யார் அந்த மக்கள்?

'மேற்கு வர்ஜீனியாக்காரன்' என்றதும் அமெரிக்கர்களுக்கே ஒரு கேலிச் சித்திரம் மனதில் வந்துவிடும். பல் விழுந்த, படிக்காத, துப்பாக்கியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்கார மலைவாசி. 'ஹில்பில்லி' என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் ஆரம்பித்து அரசியல் கட்டுரைகள் வரை அதே சித்திரம்தான்.

உண்மையான மெக்டவல் வேறு மாதிரி இருந்தது. 1888-ல் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வே மலையைக் குடைந்துகொண்டு உள்ளே வந்ததும் சுரங்கங்கள் வரிசையாகத் திறந்தன. தெற்கு மாநிலங்களில் குத்தகை நிலத்திலும் கும்பல் கொலைகளிலும் சிக்கிக் கிடந்த கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் இங்கே வந்தார்கள். இத்தாலியர்கள் வந்தார்கள், ஹங்கேரியர்கள் வந்தார்கள், போலந்துக்காரர்கள் வந்தார்கள். பூமிக்கடியில் எல்லோர் முகமும் ஒரே நிறம்தான்.

மேலே வந்தால் நிறம் திரும்ப வந்துவிடும், பள்ளிகள் தனித்தனிதான். ஆனாலும் தெற்கில் கறுப்பர்களிடமிருந்து பிடுங்கப்பட்ட ஓட்டு இங்கே அவர்கள் கையில் இருந்தது. கீஸ்டோன் என்ற சிற்றூரிலிருந்து 'மெக்டவல் டைம்ஸ்' என்ற பத்திரிகையை எம்.டி. விட்டிகோ என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் நடத்தினார். 'சுதந்திர நாடு மெக்டவல்' என்று பெருமையோடு எழுதினார். 1928-ல் மின்னி பக்கிங்ஹாம் ஹார்ப்பர் மேற்கு வர்ஜீனியா சட்டமன்றத்தில் உறுப்பினரானார். அமெரிக்காவில் எந்தச் சட்டமன்றத்திலும் உட்கார்ந்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான். மெக்டவல்காரர்! அதே 1928-ல் கிம்பால் என்ற ஊரில் முதல் உலகப் போரில் போராடிய கறுப்பின வீரர்களுக்கு ஒரு நினைவு மண்டபம் திறந்தார்கள். அந்த வகையில் நாட்டிலேயே முதல் கட்டடம் அதுதான்.

திண்ணைச் சித்திரத்தில் இவர்களில் யாராவது இருக்கிறார்களா? இல்லை. ஏன் என்றால் அந்தச் சித்திரத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. 'இவர்கள் எப்போதும் இப்படித்தான்' என்று நம்ப வைப்பதுதான் அந்த வேலை. எப்போதும் இப்படித்தான் என்றால் யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று ஆகிவிடும் அல்லவா?

நிலம் யாருடையது?

மெக்டவலின் கரிக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. 'போகாஹான்டாஸ் 3-ம் எண் படுகை' என்று பெயர். கந்தகம் குறைவு, புகை குறைவு, சூடு அதிகம். அமெரிக்கக் கடற்படை விரும்பி வாங்கியது. எஃகு உருக்கத் தேவையான கல்கரி செய்வதற்கு இதைவிட நல்ல சரக்கு கிடைப்பது கஷ்டம். நியூயார்க்கின் உயரமான கட்டடங்கள், பிட்ஸ்பர்க்கின் உருக்காலைகள், இரண்டு உலகப் போர்களின் கப்பல்கள் என்று எல்லாவற்றுக்குள்ளும் இந்தப் பள்ளத்தாக்கின் கரி எரிந்திருக்கிறது.

ஆனால் அந்தக் கரி மெக்டவல் மக்களுடையதாக ஒரு நாளும் இருந்ததில்லை. ரயில் வருவதற்கு முன்னாலேயே வெளியூர் முதலாளிகளின் ஆட்கள் வந்துவிட்டார்கள். மலை விவசாயிகளிடம் நிலத்தையும், நிலத்துக்கு அடியில் இருப்பதை எடுக்கும் உரிமையையும் அற்ப விலைக்கு எழுதி வாங்கினார்கள். பிலடெல்பியா முதலாளிகளின் பணத்தில் லட்சக்கணக்கான ஏக்கர் ஒரே அமைப்பின் கைக்குப் போனது. 1901-ல் அதை ரயில்வே கம்பெனியே வாங்கிக்கொண்டது. அதிலிருந்து பெரிய துண்டு ஒன்றை யு.எஸ். ஸ்டீல் குத்தகைக்கு எடுத்தது. அங்கே அது கட்டிய ஊருக்குத் தன் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயரையே வைத்தது. கேரி என்ற அந்த ஊர் இன்றும் இருக்கிறது.

அதாவது நிலம் கம்பெனியுடையது, ரயில் கம்பெனியுடையது, சுரங்கம் கம்பெனியுடையது. வீடு கம்பெனி வீடு, கடை கம்பெனிக் கடை. டாக்டருக்கும் கம்பெனிதான் ஆள் போடும், சர்ச்சையும் பல இடங்களில் கம்பெனியே கட்டிக் கொடுக்கும். கூலியில் ஒரு பகுதி டாலராகக்கூட வராது. கம்பெனி அச்சடித்த டோக்கன்கள், அவை செல்லுபடியாவது கம்பெனிக் கடையில் மட்டும். வேலை போனால் அதே நாளில் வீடும் போகும்.

ரொம்பப் பழைய கதை என்று தோன்றலாம். 2013-ல் மேற்கு வர்ஜீனியாவின் நில உடைமை பற்றி ஓர் ஆய்வு வந்தது. மெக்டவலின் தனியார் நிலத்தில் பாதிக்கும் மேல் முதல் பத்து உடைமையாளர்களின் கையில் இருப்பதாக அது காட்டியது. நூறு வருஷத்தில் பெயர்ப் பலகைகள் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

கோர்ட் படிக்கட்டில் ரத்தம்

"இதையெல்லாம் அந்த மக்கள் ஏன் பொறுத்துக்கொண்டார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. பொறுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் வரலாறு. அந்த வரலாற்றைச் சொல்லித் தருவதில்லை, அவ்வளவே.

1912 மார்ச்சில் ஜெட் சுரங்கத்தில் வெடிவிபத்து. 80 பேருக்கு மேல் செத்தார்கள். 1940 ஜனவரி 10-ல் பார்ட்லி சுரங்கத்தில் 91 பேர். இவை பெரிய விபத்துகள். ஒருவர் இருவராகக் கூரை இடிந்து செத்தவர்களும், கரித்தூள் நுரையீரலை அடைத்து மூச்சுத் திணறிச் செத்தவர்களும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

சங்கம் வைக்க முயன்றார்கள். கம்பெனிகள் பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் என்ற துப்பறியும் நிறுவனத்தின் ஆட்களை இறக்கின. 'துப்பறியும்' என்பது மரியாதைக்குச் சொன்னது, கூலிப்படை என்பதே சரி. பக்கத்துக் கவுண்டியில் மேட்வான் என்ற ஊர். சங்கத்தில் சேர்ந்த தொழிலாளர்களை அந்த ஆட்கள் வீட்டை விட்டுத் தெருவில் தூக்கிப் போட்டபோது, ஊர் போலீஸ் தலைவர் சிட் ஹேட்ஃபீல்ட் தொழிலாளர் பக்கம் நின்றார். 1920 மே மாதம் நடந்த துப்பாக்கிச் சண்டையில் அந்த ஆட்களில் ஏழு பேர் செத்தார்கள்.

1921 ஆகஸ்ட் 1. வேறொரு வழக்குக்காக ஹேட்ஃபீல்டை வெல்ச் நகரக் கோர்ட்டுக்கு வரச் சொன்னார்கள். அவரும் நண்பர் எட் சேம்பர்ஸும் மனைவிமார்களோடு, கையில் ஆயுதம் இல்லாமல் கோர்ட் படிக்கட்டில் ஏறினார்கள். பட்டப்பகல். காத்திருந்த பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் ஆட்கள் இருவரையும் மனைவிமார்களின் கண் முன்னால் சுட்டுக் கொன்றார்கள். கொன்றவர்களில் ஒருவருக்கும் தண்டனை கிடையாது. தற்காப்புக்குச் சுட்டார்களாம்!

அந்த மாதக் கடைசியில் சுமார் 10,000 தொழிலாளர்கள் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டு ப்ளேர் மலையை நோக்கி நடந்தார்கள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு அமெரிக்க மண்ணில் நடந்த மிகப் பெரிய ஆயுத எழுச்சி அது. கடைசியில் மத்திய அரசு ராணுவத்தை அனுப்பி அடக்கியது. சங்கம் வைக்கும் உரிமை நிஜமாகக் கைக்கு வர 1933 ஆயிற்று. 2018-ல் மேற்கு வர்ஜீனியாவின் 55 கவுண்டிகளிலும் பள்ளி ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பலர் அதே சிவப்புக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மறக்காதவர்கள் மறக்கவில்லை.

இனிமேல் யாராவது "அந்த மக்கள் எதற்கும் போராடாத சோம்பேறிகள்" என்று சொன்னால், வெல்ச் கோர்ட் படிக்கட்டைப் பற்றிக் கேளுங்கள்.

வரி கேட்ட ஆளுநர்

சரி, கரி போகட்டும். போகும்போது கொஞ்சம் வரியாவது விட்டுப் போயிருக்கலாமே?

அதைக் கேட்டவர் ஒருவர் உண்டு. வில்லியம் மார்லண்ட். பக்கத்துக் கவுண்டியின் சுரங்க ஊரில் வளர்ந்தவர், தானே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1953-ல் மாநில ஆளுநர் ஆனார். வந்த வேகத்தில், பூமியிலிருந்து எடுக்கும் கரிக்கும் எரிவாயுவுக்கும் தனி வரி போட வேண்டும், அந்தப் பணத்தில் பள்ளிகளும் சாலைகளும் கட்ட வேண்டும் என்றார். ஒருமுறை எடுத்தால் திரும்ப வராத பொருள், அது தீர்வதற்குள் ஏதாவது சேர்த்து வைக்க வேண்டும் என்ற எளிமையான கணக்கு.

சட்டமன்றம் அதைத் தோற்கடித்தது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? மார்லண்டின் அரசியல் வாழ்க்கை அதோடு சரியத் தொடங்கியது. 1965-ல் ஒரு நிருபர் அவரைக் கண்டுபிடித்தபோது, முன்னாள் ஆளுநர் சிகாகோவில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டிலேயே இறந்தும் போனார்.

கரி வரி பல ஆண்டுகள் கழித்து வரத்தான் செய்தது. அதற்குள் மெக்டவலின் நல்ல காலம் மலையேறிவிட்டது. அதே அமெரிக்காவில் அலாஸ்கா மாநிலம் 1976-ல் எண்ணெய் வருமானத்தில் ஒரு பகுதியை நிரந்தர நிதியாகப் போட்டு, 1982 முதல் குடிமக்களுக்கு ஆண்டுதோறும் பங்கு கொடுக்கிறது. அலாஸ்காக்காரர்கள் புத்திசாலிகள், மெக்டவல்காரர்கள் முட்டாள்கள் என்பதா காரணம்? அலாஸ்காவில் எண்ணெய் இருந்த நிலம் மாநில அரசுடையது. மெக்டவலில் நிலம் கம்பெனியுடையது. வித்தியாசம் இவ்வளவுதான்.

கரி கூடியது, சோறு குறைந்தது

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இயந்திரங்கள் வந்தன. பத்துப் பேர் செய்ததை இரண்டு பேர் செய்யலாம். 1950-ல் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ் இயந்திரமயத்தை ஏற்றுக்கொண்டு, பதிலுக்கு வேலையில் இருப்பவர்களுக்கு நல்ல கூலியும், டன் கணக்கில் பணம் சேரும் ஓய்வூதிய, மருத்துவ நிதியும் வாங்கினார். வேலையில் இருந்தவனுக்கு அது லாபம். வேலை போனவனுக்கு?

வெல்ச் நகரில் 1941-ல் நகராட்சியே பல மாடி வாகன நிறுத்தம் ஒன்றைக் கட்டியது. நாட்டிலேயே நகராட்சிக்குச் சொந்தமான முதல் வாகன நிறுத்தக் கட்டடம் அதுதான் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். சனிக்கிழமை கடைத்தெருவில் கார் நிறுத்த இடம் கிடைக்காதாம்! இருபதே வருஷம். 1960 தேர்தல் பிரச்சாரத்துக்கு ஜான் கென்னடி இந்தப் பக்கம் வந்தார். மெக்டவலில் கரி உற்பத்தி குறையவில்லை, ஆனால் அரசு கொடுக்கும் உபரி உணவுப் பொட்டலத்துக்கு வரிசையில் நிற்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள் என்பது அவரை உலுக்கியது. மேடைகளில் இதையே சொன்னார். ஜனாதிபதியானதும் போட்ட முதல் உத்தரவே உணவு உதவியைக் கூட்டுவது பற்றியதுதான்.

1961 மே 29. வெல்ச் நகரில், 15 பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு 95 டாலருக்கான உணவுக் கூப்பன்கள் கொடுக்கப்பட்டன. இன்று கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் நம்பியிருக்கும் உணவுக் கூப்பன் திட்டத்தின் அன்றைய வடிவில் முதல் பயனாளிகள் அவர்கள்தான். அமெரிக்காவுக்கே எரிபொருள் கொடுத்த ஊர், அமெரிக்காவிலேயே முதலில் உணவுக் கூப்பன் வாங்கிய ஊர். எல்லாம் ஒரே தலைமுறைக்குள்.

1980களில் எஃகுத் தொழில் சரிந்தபோது யு.எஸ். ஸ்டீல் கேரி சுரங்கங்களை மூடிவிட்டுப் போனது. கோல்வுட் சுரங்கமும் மூடியது. 2005-ல் கிம்பாலில் வால்மார்ட் வந்தது. சின்னக் கடைகள் ஒவ்வொன்றாக அடங்கின. 2016 ஜனவரியில் வால்மார்ட்டும் பூட்டிவிட்டுக் கிளம்பியது. எடுக்கும் வரை எடுத்துவிட்டுக் கிளம்புவது என்ற வித்தையை இந்த ஊருக்குக் கரிக் கம்பெனிகளே சொல்லிக் கொடுத்துவிட்டன. வால்மார்ட் கடைசி மாணவன், அவ்வளவுதான்.

வெல்ச் நகரின் பழைய மருத்துவமனைக் கட்டடம் ஒன்று இப்போது என்னவாக இருக்கிறது தெரியுமா? சிறைச்சாலை!

மூன்று சாமர்த்தியமான கேள்விகள்

இவ்வளவு சொன்ன பிறகும் மூன்று கேள்விகள் வரும். எப்போதும் வரும்.

ஒன்று. "வேலை இல்லையென்றால் ஊரை விட்டுப் போக வேண்டியதுதானே?"

போனார்களே! 98,887 எங்கே, 19,111 எங்கே? ஐந்தில் நான்கு பங்கு குறைந்துவிட்டது. இளைஞர்கள் டெட்ராய்ட் போனார்கள், கிளீவ்லாந்து போனார்கள், வடக்கு கரோலினா போனார்கள். மிச்சம் இருப்பவர்கள் யார்? வயதானவர்கள், கரித்தூள் நுரையீரலோடு ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டு நடப்பவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் மகள்கள், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிகள். வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்றால், ஆட்கள் ஓடிக்கொண்டிருக்கும் ஊரில் வீட்டை யார் வாங்குவார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொருவர் போகும்போதும் ஊரில் வரி குறைகிறது, பள்ளி சுருங்குகிறது. ஹோமர் ஹிக்கம் படித்த பிக் க்ரீக் உயர்நிலைப்பள்ளி 2010-ல் மூடப்பட்டது. ராக்கெட் பற்றிய புத்தகத்தை அந்தப் பையன் கையில் கொடுத்த ஆசிரியை ஃப்ரீடா ரைலி பாடம் நடத்திய பள்ளி அது. 'தப்பிச்சுட்டான்' என்று கைதட்டியவர்கள் கவனிக்க: அவன் தப்பித்த வாசலே இப்போது இல்லை.

இரண்டு. "அரசாங்கப் பணத்தில் உட்கார்ந்து தின்கிறார்களே?"

2014-ல் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஓர் ஒப்பீடு வந்தது. வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் ஆண்களின் சராசரி ஆயுள் 82. அங்கிருந்து காரில் கிளம்பினால் அதே நாளில் போய்ச் சேரக்கூடிய மெக்டவலில் 64. பதினெட்டு வருஷ வித்தியாசம்! ஃபேர்ஃபாக்ஸ் எப்படிப் பணக்கார ஊர் ஆனது? வாஷிங்டனுக்குப் பக்கத்தில் இருப்பதால். சி.ஐ.ஏ. தலைமையகம் அங்கே இருக்கிறது. ராணுவ ஒப்பந்தக் கம்பெனிகள் அங்கே இருக்கின்றன. அரசுச் சம்பளமும் அரசு ஒப்பந்தமும்தான் அந்த ஊரின் சோறு. அரசாங்கப் பணம் ஃபேர்ஃபாக்ஸுக்குப் போனால் பெயர் 'பொருளாதாரம்'. மெக்டவலுக்குப் போனால் பெயர் 'இலவசம்'. இது என்ன நியாயம்?

அதோடு மாத்திரைகள். முதுகெலும்பு உடைய வேலை செய்தவர்களுக்கு வலி இருக்கும். அந்த வலியை வியாபாரமாக்கி, 2007 முதல் 2012 வரையிலான ஆறே ஆண்டுகளில் சுமார் 78 கோடி போதை வலிமாத்திரைகளை மேற்கு வர்ஜீனியாவுக்குள் விநியோகக் கம்பெனிகள் கொட்டின. இதை வெளியே கொண்டு வந்த உள்ளூர்ப் பத்திரிகையாளர் எரிக் அயருக்கு 2017-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. மெக்டவலின் ஆயுள் கணக்கில் இந்த மாத்திரைகளுக்கும் பங்கு உண்டு. அப்போதும் பழி விழுந்தது மாத்திரையை விழுங்கியவன் மேல்தான்.

மூன்று. "ட்ரம்புக்கு ஓட்டுப் போட்டவர்கள்தானே, அனுபவிக்கட்டும்."

அமெரிக்கப் பெருநகரங்களில் படித்தவர்கள் அதிகம் சொல்வது இது. மூன்றிலும் மோசமானது இதுதான். 2008-ல் மெக்டவல் கவுண்டி ஒபாமாவைத்தான் ஜெயிக்க வைத்தது. மலைக்காரர்கள் கறுப்பருக்கு ஓட்டுப் போட மாட்டார்கள் என்ற சித்திரம் அப்போது எங்கே போயிற்று? 2016 மே மாதம் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் மாநிலத்தின் 55 கவுண்டிகளும், மெக்டவலும் சேர்த்து, பெர்னி சாண்டர்ஸ் பக்கம் நின்றன. ஆறு மாதம் கழித்து ட்ரம்புக்கு அங்கே நான்கில் மூன்று பங்கு ஓட்டு விழுந்தது. எண்ணிக்கையில் பார்த்தால் சுமார் 4,600 ஓட்டு. பெரும்பாலானவர்கள் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் 'ஏதாவது மாறாதா' என்று கதவைத் தட்டியிருக்கிறார்கள். தட்டிய கதவு தப்பு என்று வாதாடலாம், தாராளமாக. அதற்காகச் சாகட்டும் என்று சொல்வது அரசியல் ஆகாது. அது வெறும் வன்மம்.

இதே காலத்தில்தான், 2016-ல், ஜே.டி. வான்ஸ் எழுதிய 'ஹில்பில்லி எலஜி' அமோகமாக விற்றது. ஒஹாயோவில் வளர்ந்தவர், குடும்ப வேர் கென்டக்கி மலைகளில். அந்த மக்களின் பழக்கவழக்கமும் மனப்பான்மையுமே அவர்களின் பெரிய எதிரி என்பது அந்தப் புத்தகத்தின் அடிநாதம். எழுதியவர் 2025-ல் துணை ஜனாதிபதியும் ஆகிவிட்டார். குடிப்பழக்கம், உடைந்த குடும்பம், விரக்தி எல்லாம் அங்கே உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் வீடு எரிந்தபின் சாம்பலைக் காட்டி, 'பார், இவர்கள் எவ்வளவு அழுக்காக வாழ்கிறார்கள்' என்று சொல்லலாமா?

நியாயமான ஒரு கேள்வி

ஒரு நியாயமான கேள்வியும் உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. "கரி உலகத்தைச் சூடாக்குகிறது. அது முடிய வேண்டிய தொழில்தானே? முடிந்த தொழிலுக்காக அழுவதில் என்ன பயன்?"

முடிய வேண்டியதுதான். மின்சாரத்துக்குக் கரி எரிப்பது எவ்வளவு சீக்கிரம் நிற்கிறதோ அவ்வளவு நல்லது. சுரங்கங்களைத் திரும்பத் திறந்து பழைய பொற்காலத்தைக் கொண்டு வருவேன் என்று சொல்லும் அரசியல்வாதிகள் பொய் சொல்கிறார்கள். இயந்திரம் வாங்கிக்கொண்ட வேலை சுரங்கம் திறந்தாலும் திரும்பாது. 1950-ல் கரி நிறைய இருந்தபோதே ஆட்களை வெளியே அனுப்பியது அந்தத் தொழில்.

ஆனால் கடையை மூடும்போது கடன்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டுத்தான் மூட வேண்டும். மெக்டவலில் பல ஊர்களுக்குக் குடிநீர் வருவது, நூறு வருஷத்துக்கு முன் கம்பெனிகள் தங்கள் குடியிருப்புகளுக்காகப் போட்ட குழாய்களில். கம்பெனி போய்விட்டது, துருப்பிடித்த குழாய் மட்டும் இருக்கிறது. 'சுதந்திர நாடு' என்று விட்டிகோ எழுதிய அதே கீஸ்டோனில், தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்ற அறிவிப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. மலையோரத்தில் குழாய் செருகி ஊற்றுநீர் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். உலகின் பணக்கார நாட்டில்!

கரியும் இன்னும் முழுசாக நிற்கவில்லை. தெற்கு மேற்கு வர்ஜீனியாவின் எஃகுக் கரி ரயிலேறி வர்ஜீனியா துறைமுகங்களுக்குப் போகிறது, கப்பலேறுகிறது. 2023-ல் அமெரிக்க நிலக்கரியை அதிகம் வாங்கிய நாடு இந்தியா. ஆக இந்தக் கணக்கு ஏதோ அமெரிக்கர்களின் வீட்டு விவகாரம் என்று ஒதுங்கிக்கொள்ளவும் வழியில்லை.

மெக்டவலை 'ஏழைக் கவுண்டி' என்று எழுதுகிறார்கள். ஏழை என்றால் ஒன்றும் இல்லாதவன் என்று பொருள். மெக்டவலில் எல்லாம் இருந்தது. இருந்ததை எடுத்துக்கொண்டு போனவர்களின் பெயர் தெரியும், போன பாதை தெரியும், அது கட்டிய நகரங்களும் தெரியும். எடுத்தவர்கள் கொடுக்க வேண்டியது பிச்சையோ இலவசமோ கிடையாது, பாக்கி. குடிக்கத் தண்ணீர், மூச்சுவிட மருத்துவம், ஹிக்கம் மாதிரி இன்னொரு பிள்ளை உட்கார ஒரு நல்ல வகுப்பறை. முதல் தவணையாக இவ்வளவு போதும்.

அடுத்த முறை விடுதியில் 'அக்டோபர் ஸ்கை' ஓடும்போது தாராளமாகக் கைதட்டுங்கள், நல்ல படம்தான். ராக்கெட் மேலே போகும்போது எல்லோரும் அதையே அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிஷம் மட்டும் கீழே நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள்.